குழந்தைகளின் ரத்தப் புற்று நோயை விரட்டிய மருந்து
சென்னையில் படித்த டாக்டரின் சாதனை

குழந்தைக்கு ரத்தப் புற்று நோய் என்றால், ஒரு காலத்தில் டாக்டர்கள் கையை விரித்து விடுவார்கள். சில வாரங்களிலோ, சில மாதங்களிலோ குழந்தை இறந்து விடும். அதற்கு மருந்தே கிடையாது.

1947-ம் ஆண்டு கடைசியில் இந்த நிலை மாறியது. அதற்குக் காரணமான மருந்து, சென்னையில் படித்த ஓர் இந்தியரின் தலைமையில் தயாரானது. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கதர் அணிந்த மாணவர்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு பீமாவரத்தில் பிறந்தார். அப்போது அந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஏழைக் குடும்பம். தந்தை இறந்து விட்டார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முறை எழுதித்தான் மெட்ரிகுலேஷன் தேறினார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது காந்திஜியின் அழைப்பை ஏற்றுப் பலரும் அன்னியத் துணியை ஒதுக்கிய காலம். சுப்பாராவும் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அவருடைய சகோதரர்கள் இருவர் கிராணி நோயில் அடுத்தடுத்து இறந்தனர். அந்தத் துயரம் அவர் மனதை விட்டு நீங்கவில்லை.

பிறகு அமெரிக்கா சென்றார். பகலில் படிப்பு. இரவில் ஓர் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

கீரையில் உள்ள சத்து

கீரையில் ‘போலிக் அமிலம்’ என்ற சத்து இருக்கிறது. உடம்பில் புதிய ரத்தம் ஊற இது தேவை. 1945-ல் சுப்பாராவின் குழுவினர் இதைச் செயற்கை முறையில் தயாரித்தனர். சகோதரர்களைப் பலி வாங்கிய கிராணி நோய்க்கும் இது மருந்தாயிற்று!

இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சத்து மாத்திரையில் இரும்புச் சத்துடன் சேர்ந்திருப்பதும் இதுதான்.

உரமும் களையும்

பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி பார்பர் என்பவர், ரத்தப் புற்று நோய் கண்ட குழந்தைகளுக்குப் போலிக் அமில வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை. வேகமாக வளர்ந்தது!

ஏன்? மணிமுத்தாறு பாசன வயலில் உரம் போட்டால் நெல் மட்டுமா வளரும்? களையும் சேர்ந்துதான் வளரும். ரத்தப் புற்று நோய் என்பது எலும்பு மஜ்ஜையில் களை மண்டுவது போன்றது. கெட்டுப் போன வெள்ளை அணுக்கள் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடம் இல்லாமல் செய்து விடுகின்றன.

“சத்துப் போட்டால் களை வளர்கிறது. அந்தச் சத்தைத் தடுத்தால்?” இதுதான் பார்பருக்குத் தோன்றிய யோசனை. போலிக் அமிலத்தைப் போலவே தோன்றி, அதன் வேலையைக் கெடுக்கும் ‘அமினோப்டெரின்’ என்ற மருந்தை சுப்பாராவின் குழுவினர் தயாரித்துக் கொடுத்தனர்.

பார்பர் 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. ஆனால் சில மாதங்களில் திரும்பி வந்து விட்டது. என்றாலும், மருந்துக்கு இந்த நோய் அடங்கும் என்பது முதன் முதலாகத் தெரிந்தது. 1948 ஜூன் மாதம் இந்தச் செய்தி வெளியாயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் காலமானார். வயது 53. தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

அந்த மருந்தின் தம்பி போன்ற ‘மெதோட்ரெக்சேட்’ இன்றும் பயன்படுகிறது. யானைக்கால் நோய்க்குத் தரும் மாத்திரையும் சுப்பாராவின் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்ததே.

அடையாறில் தனிப் பிரிவு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் சென்னை அடையாறில் புற்று நோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தார். 1960-ல் அங்கே குழந்தைகளுக்கு என்று தனிப் பிரிவு ஏற்பட்டது.

ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பிறகு வந்தது. நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்று நோய் வகையில் இன்று பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

குழந்தையின் முகம் வெளிறுகிறதா? காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதா? அடிபடாமலே தோலில் ரத்தம் கட்டுகிறதா? ஈறில் ரத்தம் கசிகிறதா? எலும்பு வலிக்கிறது என்று அழுகிறதா? இவை சாதாரணச் சோகையாகவும் இருக்கலாம். பயப்பட வேண்டாம். ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம். உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மணிமுத்தாறு வட்டாரத்தில் இருப்பவர்கள் அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம். பெரிய சிகிச்சைக்கு நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. முதல்-அமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்று நோய்ச் சிகிச்சை உண்டு.

இந்தச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீடிக்கும். குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று நடுவில் நிறுத்தி விடக் கூடாது. களையின் வேர் உள்ளே இருக்கலாம். டாக்டர் “போதும்” என்று சொல்லும் வரை மருந்து கொடுக்க வேண்டும்.