செல்போனில் பாடினால் சினிமா சான்ஸ்! ஒரே பாட்டில் உச்சிக்கு போனவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?

திருப்புட்குழி: 'ஒரு நிமிஷம் பாடி வீடியோ அனுப்புங்க, செலக்ட் ஆனா சினிமாவுல பாடலாம்' என்ற மெசேஜ் வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி போன்ற ஊர்களில் பெருமாள் கோவில் பஜனையிலும், அம்மன் கோவில் திருவிழா மேடையிலும் பாடி பழகியவர்களுக்கு இதைப் பார்த்ததும் ஆசை வருவது சகஜம்தான். பகலில் கம்பெனியில் ஷிப்டு, ராத்திரி மொட்டை மாடியில் செல்போன் முன்னாடி பாட்டு என்று இருக்கும் பசங்க எல்லா ஊரிலும் உண்டு.

ஆன்லைனில் பாடினால் நிஜமாகவே சான்ஸ் கிடைக்குமா? கிடைத்தவர்கள் கதை என்ன ஆச்சு? காசு யார் பாக்கெட்டுக்கு போகிறது? விவரமாக பார்ப்போம்.

அன்று ரேடியோ.. இன்று ரீல்ஸ்

ஒரு காலத்தில் பாட்டுக்காரர் என்று பேர் வாங்க ஆல் இந்தியா ரேடியோ குரல் தேர்வில் பாஸ் ஆகணும். 'பி', 'பி ஹை', 'ஏ' என்று கிரேடு கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக கச்சேரி பாடணும். 2006-ல் விஜய் டி.வி.யில் 'சூப்பர் சிங்கர்' வந்த பிறகு ஆடிஷன் நடக்கும் இடத்துக்கே போய் வரிசையில் நின்றார்கள்.

அடுத்து வந்தது ஸ்மூல் செயலி. ஒருத்தர் பாதி பாடி வைப்பார், முன்பின் தெரியாத இன்னொருத்தர் மீதியை பாடி டூயட்டை முடிப்பார். டிக்டாக் 2020 ஜூன் மாதம் தடை செய்யப்பட்டதும் கூட்டம் ரீல்ஸ் பக்கம் போனது. அதே 2020-ல் கொரோனா வந்ததால் 'இந்தியன் ஐடல்' 12-வது சீசன் ஆடிஷனே சோனி லிவ் செயலி வழியாக நடந்தது. வீட்டிலேயே பாடி வீடியோவை ஏற்றினால் போதும் என்றார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிலிப்பைன்ஸ் பாடகர் அர்னெல் பினேடா, அடுத்தவர் பாட்டுகளை பாடிய வீடியோவை யூடியூப்பில் பார்த்த 'ஜர்னி' என்ற அமெரிக்க இசைக்குழு, 2007-ல் அவரையே பாடகராக சேர்த்துக்கொண்டது. கனடாவின் ஜஸ்டின் பீபரும் சின்னப் பையனாக பாடிய யூடியூப் வீடியோக்களால்தான் கண்டுபிடிக்கப்பட்டார்.

நம்ம ஊர் திருமூர்த்தி

தமிழ்நாட்டில் இதற்கு பெரிய உதாரணம் திருமூர்த்தி. கிருஷ்ணகிரி மாவட்டம் நொச்சிப்பட்டி கிராமத்தைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர். 'விஸ்வாசம்' படத்தில் வரும் 'கண்ணான கண்ணே' பாட்டை 2019-ல் அவர் பாடிய வீடியோ செல்போன் செல்போனாக பறந்தது. அந்த படத்துக்கு இசையமைத்த டி.இமான் கண்ணிலும் பட்டது. அவரைத் தேடிப் பிடித்து, ஜீவா நடித்த 'சீறு' படத்தில் 'செவ்வந்தியே' பாட்டை பாட வைத்தார் இமான். படம் 2020 பிப்ரவரியில் வெளியானது.

யாரும் ஆடிஷன் வைக்கவில்லை, சிபாரிசும் இல்லை. அந்த வீடியோவே ஆடிஷன் ஆகிவிட்டது.

அதோடு முடியவில்லை. 2022-ல் 'விக்ரம்' படத்தின் 'பத்தல பத்தல' பாட்டை திருமூர்த்தி தாளம் போட்டு பாடிய வீடியோ கமல்ஹாசனுக்கு போய் சேர்ந்தது. அவரை நேரில் கூப்பிட்டு பாராட்டிய கமல், ஏ.ஆர்.ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரியில் சேர்ந்து படிக்க ஏற்பாடு செய்தார். செலவையும் தானே ஏற்பதாக சொன்னார். சினிமாவில் பாடிய ஒருத்தரை, மறுபடி முதலில் இருந்து முறையாக படிக்கச் சொல்கிறார்கள் என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது.

ஏறியதும் இறங்கியதும்

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. மேற்கு வங்க மாநிலம் ராணாகாட் ரெயில் நிலையத்தில் பாடிக்கொண்டிருந்த ராணு மண்டல் வீடியோ 2019-ல் நாடு முழுக்க பரவியது. சில வாரங்களிலேயே மும்பையில் ஹிமேஷ் ரேஷமியா இசையில் 'ஹேப்பி ஹார்டி அண்ட் ஹீர்' படத்துக்கு பாடினார். டி.வி.யை போட்டால் அவர் முகம்தான். ஆனால் அந்த அளவுக்கு பேர் வாங்கித் தந்த இன்னொரு பாட்டு அதற்கப்புறம் வரவில்லை.

2018-ல் கேரள மரம் ஏற்றும் தொழிலாளி ராகேஷ் உண்ணி, 'விஸ்வரூபம்' பாட்டை பாடிய வீடியோவைப் பார்த்து அதன் பாடகர் சங்கர் மகாதேவனே அசந்து போனார். கமல்ஹாசனும் கூப்பிட்டு பாராட்டினார். சத்தீஸ்கர் மாநிலம் சுக்மாவைச் சேர்ந்த சிறுவன் சகதேவ் 2021-ல் பாட்ஷாவோடு சேர்ந்து பாடும் அளவுக்கு உயர்ந்தான். எல்லாம் சில மாத பரபரப்பு. அடுத்த வீடியோ வந்ததும் ஜனங்க அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

ஏன் ஒரே பாட்டோடு நிற்கிறது?

முதல் காரணம், ஜனங்க ரசித்தது பாட்டை மட்டும் இல்லை. ரெயில் நிலையத்தில் இப்படி ஒரு குரலா, மூட்டை தூக்குறவருக்கு இப்படி ஒரு ஞானமா என்ற ஆச்சரியத்தை. ஆச்சரியம் ஒரு தடவைதான் வரும்.

இரண்டாவது, செல்போனில் நமக்கு பழகிய ஒரு பாட்டை பத்து தடவை பாடிப் பார்த்து, நல்லா வந்ததை போடுகிறோம். ஸ்டூடியோவில் அது நடக்காது. அன்றைக்கு போட்ட மெட்டை அன்றைக்கே பிடிக்கணும், சுருதி விலகாமல் பாடணும், உச்சரிப்பு சுத்தமாக இருக்கணும். கச்சேரி மேடை என்றால் மூன்று மணி நேரம் தொண்டை தாங்கணும். இது பயிற்சியில்தான் வரும்.

மூன்றாவது, ஒரு படத்தில் நாலைந்து பாட்டுதான். பாட காத்திருப்பவர்களோ ஆயிரக்கணக்கில்.

வியூஸ் வரும்.. காசு வருமா?

இங்கேதான் பல பேர் ஏமாந்து போகிறார்கள். சினிமா பாட்டை நாம் பாடி யூடியூப்பில் போட்டால், அந்த மெட்டும் வரியும் ஆடியோ கம்பெனிக்கு சொந்தம். யூடியூப்பின் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்துவிடும். விளம்பர காசு பெரும்பாலும் கம்பெனிக்கே போகும். லட்சம் பேர் பார்த்தாலும் பாடியவர் கையில் ஒன்றும் நிற்காது. சொந்த பாட்டு என்றாலும், விளம்பர காசில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், ஒரு வருடத்தில் 4,000 மணி நேர பார்வையும் வேணும். ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் 1 கோடி பார்வை வேணும்.

சொந்தப் பாட்டு வைத்திருந்தும் மாட்டிக்கொண்டவர் பூபன் பத்யாகர். மேற்கு வங்கத்தில் வேர்க்கடலை வியாபாரி. கடலை விற்க அவரே பாடிய 'கச்சா பாதாம்' 2022-ல் உலகம் முழுக்க ஆட்டம் போட வைத்தது. ஆனால் 3 லட்சம் ரூபாய் கொடுத்து விவரம் தெரியாமல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், இப்போது என் பாட்டை நானே பாடிப் போட முடியவில்லை என்று 2023-ல் அவர் புகார் சொன்னார்.

பெரிய ஆட்களுக்கும் இந்த தலைவலி உண்டு. 2021-ல் சக்கைப்போடு போட்ட 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டில் இருந்து தனக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-ல் வெளிப்படையாக சொன்னார்.

கையெழுத்து போடும் முன்..

சொந்தமாக எழுதி மெட்டு போட்ட பாட்டுக்கு, பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உங்களுடையதுதான். அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால்தான் போகும். காப்புரிமை சட்டப்படி, எத்தனை வருஷத்துக்கு என்று பத்திரத்தில் எழுதாவிட்டால் 5 வருஷம்தான் என்று கணக்கு. அதனால்தான் விவரம் தெரிந்த கம்பெனிகள் 'நிரந்தரமாக' என்று ஒரு வார்த்தையை போட்டு வைக்கும். அந்த ஒரு வார்த்தையை கவனிக்காமல் விட்டால் பாட்டு கைவிட்டு போச்சு. இங்கிலீஷில் இருக்கிறது, புரியவில்லை என்றால் வக்கீலிடமோ, படித்த சொந்தக்காரரிடமோ காட்டாமல் பேனாவை தொடாதீங்க.

பாடியவருக்கும் பங்கு உண்டு. 2012-ல் திருத்தப்பட்ட சட்டம், பாட்டை வியாபார ரீதியில் பயன்படுத்தும்போது பாடகருக்கும் ராயல்டி உரிமை தந்திருக்கிறது. அதை வசூலிக்க பாடகர்களுக்கு என்றே சங்கம் இருக்கிறது.

உஷார்.. உஷார்!

ஆடிஷன் பேரில் பணம் பறிக்கும் கும்பல்களும் இருக்கிறார்கள். எப்படி கண்டுபிடிப்பது?

* பதிவுக் கட்டணம், ஆல்பம் செலவு, டிரெஸ் செலவு என்று முன்பணம் கேட்டால் விலகிடுங்க. வட்டிக்கு கடன் வாங்கி கட்டவே கட்டாதீங்க.

* டி.வி. ஆடிஷன் என்றால் அந்த சேனலிலேயே விளம்பரம் வரும். வாட்ஸ்அப்பில் மட்டும் வருவதை நம்பாதீங்க.

* ஓ.டி.பி., வங்கி விவரம் கேட்டால் போனை வைத்துவிடுங்க.

* பெண்களை தனியாக 'வாய்ஸ் டெஸ்ட்' என்று கூப்பிட்டால் அனுப்பாதீங்க. வீட்டு ஆள் கூட போகணும்.

* பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் போடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்கு பணத்தை முடக்கி நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

முக்கியமாக, ஒரு வீடியோ ஹிட் ஆனதும் வேலையை விட்டுவிடாதீங்க. முதல் சான்ஸ் போனில் வரலாம், இரண்டாவது சான்ஸ் சாதகம் பண்ணினால்தான் வரும். பக்கத்தில் பாட்டு வாத்தியார் இருந்தால் வாரம் ஒரு நாள் போங்க. ஊர் திருவிழா மேடை கிடைத்தால் விடாதீங்க. அங்கே கேட்கிறவங்க நேருக்கு நேராக உட்கார்ந்திருப்பாங்க, பிடிக்கலைன்னா அப்பவே எழுந்து போயிடுவாங்க. அதைவிட நல்ல ஆடிஷன் எந்த செயலியிலும் கிடையாது.