நீதிபதி மாறினார், சட்டம் மாறவில்லை!

"கோர்ட் படி ஏறாதவள் பாக்கியசாலி" என்பார் என் மாமியார். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. புருஷன் கைவிட்ட என் நாத்தனார் மகளுக்குத் துணையாக, அவள் குழந்தையைத் தூக்கிக் கொண்டு ஒன்றரை வருஷம் எங்கள் ஊர் மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்கு நடந்தேன்.

முதலில் இருந்த நீதிபதி பொல்லாதவர் அல்ல. "சமாதானமாப் போங்களேம்மா" என்பார், வாய்தா போடுவார். அடுத்த மாதமும் அதே கதைதான். இடைக்கால ஜீவனாம்சம் கேட்ட மனு கட்டிலேயே கிடந்தது. அவள் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

பிறகு அவர் மாற்றலாகி ஓர் அம்மாள் வந்தார். முதல் வாய்தாவிலேயே, "சம்பளச் சீட்டு எங்கே? சொத்து விவரம் எங்கே?" என்று அவனைக் கேட்டார். மூன்றாவது வாய்தாவில் உத்தரவு வந்துவிட்டது. மாதம் ஆறாயிரம், அதுவும் மனுப் போட்ட நாளிலிருந்து!

"ஏன் அத்தை, சட்டம் மாறிடுச்சா?" என்றாள் அவள்.

வக்கீல் சிரித்தார். "சட்டம் அதேதாம்மா. நாற்காலியில ஆள்தான் வேற."

விவரம் கேட்டுத் தெரிந்து கொண்டேன். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவாகியிருக்கிறது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்றிருந்த வரம்பை 2001-லேயே எடுத்து விட்டார்கள். எவ்வளவு தொகை, எந்த நாளிலிருந்து என்பதெல்லாம் நீதிபதியின் கையில். இடைக்கால மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் 'கூடியவரை' முடிக்க வேண்டுமாம். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை வீட்டு அடுப்பு அணைகிறதோ!

இதைப் பார்த்துத்தான் சுப்ரீம் கோர்ட் 2020-ல், ரஜ்னேஷ் - நேஹா வழக்கில், ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்தே தர வேண்டும், இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் அதை எடுத்து நடத்துவது கீழ்க் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பவர்தானே?

எங்களுக்குப் பதினெட்டு மாதப் பாக்கி ஒரு லட்சத்து எட்டாயிரம். உத்தரவு நாளிலிருந்து என்றிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

சகோதரிகளே, நல்ல நீதிபதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த 2020 தீர்ப்பை வக்கீலிடம் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். வக்கீலுக்குப் பணமில்லையா? வருமானம் எவ்வளவானாலும், பெண்களுக்குச் சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி உண்டு. கேட்க வாய் மட்டும் வேண்டும்.

முதல் தவணை வந்ததும் அவள் நேரே போன இடம் அடகுக் கடை.