நாட்டுப்புறப் பாடசாலையில் ஒரு பயிற்சி ஆசிரியர்

ஆசிரியத் தொழிலை நூல்களால் மட்டும் கற்றுவிட இயலாது. வகுப்பறையில் நின்று, பிள்ளைகளின் முகமறிந்து பழகியே கற்றல் வேண்டும். ஆகவேதான் இங்கிலாந்திலே பட்டம் பெற்றபின் ஓராண்டுப் பயிற்சி பெறுவோர், பல வாரங்களைப் பாடசாலைகளிற் கழிக்க வேண்டுமென்பது விதி. அதுவும் இரண்டு பாடசாலைகளிலேனும் பயிலவேண்டும்.

நேயர்களே, லண்டனிலே பிறந்து வளர்ந்த, தெற்காசிய வழிவந்த இளம்பெண் ஒருத்தி, வெள்ளையரே பெரும்பாலும் வாழும் நாட்டுப்புறப் பாடசாலை ஒன்றுக்குப் பயிற்சிக்காக அனுப்பப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளை எதிர்நோக்கும் இடர்கள் யாவை?

முதலாவது, அவள் தனியொருத்தியாகவன்றி ஓர் இனத்தின் பிரதிநிதியாகவே நோக்கப்படுகிறாள். பிறிதொருவர் பாடத்திலே தடுமாறினால், 'புதியவர், பழகிக்கொள்வார்' என்பர். தான் தடுமாறினால் அது தன் இனத்தின் குறையாக எண்ணப்படுமோ என்று அவள் அஞ்சுகிறாள்.

இரண்டாவது, 'உங்கள் ஊர் எது?' என்னும் வினா. பிள்ளைகள் அதனை அறியும் ஆவலாற் கேட்கின்றனர். இன்முகத்தோடு விடை கூறலாம். 'லண்டன்' என்று சொன்ன பின்னரும் ஆசிரியர் அறையிலுள்ள பெரியோர் அதனையே மீண்டும் மீண்டும் கேட்டால், 'நீ இந்நாட்டவள் அல்லை' என்பதே அதன் பொருளாகிவிடுகிறது.

மூன்றாவதே மிகக் கடியது. வகுப்பிலே நிறத்தைப் பழிக்கும் சொல்லொன்று எழுந்தால் அவள் யாரிடம் முறையிடுவாள்? துணைநிற்க வேண்டிய மூத்த ஆசிரியரே அவளது திறமையை மதிப்பிடுபவருமாவார். முறையிட்டால் 'ஒத்துப்போகாதவள்' என்ற பெயர் வரலாம். வாளாவிருந்தால் 'வகுப்பை அடக்கத் தெரியாதவள்' என்ற பெயர் வரலாம். சான்றிதழோ அம்மதிப்பீட்டிலே தங்கியிருக்கிறது.

'எங்களிடம் பிற இனத்தவர் இல்லை. ஆதலால் இங்கே பிரச்சினையும் இல்லை' என்று சில பாடசாலைகள் கூறுவதுண்டு. இக்கூற்றை 1985ஆம் ஆண்டில் வெளியான சுவான் பிரபு குழுவின் அறிக்கை ஏற்கவில்லை. பல இனத்தவர் வாழும் நாட்டுக்கேற்ற கல்வி, வெள்ளையர் மட்டுமே பயிலும் பாடசாலைகளுக்கும் வேண்டுமென்று அது வற்புறுத்தியது. 1992இல் இனச் சமத்துவ ஆணைக்குழு, தென்மேற்கு இங்கிலாந்தின் நிலைபற்றி வெளியிட்ட அறிக்கைக்கு, 'அவர்களைப் பேர்மிங்காமிலேயே வைத்திருங்கள்' என்பது தலைப்பு. அம்மனப்பான்மையை அத்தலைப்பே உணர்த்தும்.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இனப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. எனினும், அன்றாட வகுப்பறையில் அவளுக்கு ஆதரவு தரவேண்டியது பாடசாலையே. இழிசொல்லைக் கண்டிக்கும் பொறுப்பை அவள்மீது மட்டும் சுமத்தாது, தலைமையாசிரியர் தாமே ஏற்கலாம். முறைப்பாட்டைக் கேட்பதற்கு, மதிப்பிடுபவரல்லாத வேறொருவரை நியமிக்கலாம். கூடுமாயின் பயிற்சியாளர் இருவரை ஒருங்கே அனுப்பலாம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

இவை செய்யப்படாமல் அவள் தொழிலையே கைவிட்டால், நட்டம் அவளுக்கு மட்டுமன்று. தம்மிலும் வேறான ஒருவரை ஆசிரியராக மதித்துப் பழகும் வாய்ப்பை அந்த ஊர்ப் பிள்ளைகளும் இழந்துவிடுவர்.