‘போட்டாச்சு அண்ணா!’: ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஓடும் மும்பை

விடிந்தும் விடியாமலும் தாராவிச் சந்துகளிலிருந்து இட்லிப் பாத்திரத்தோடு கிளம்பும் சைக்கிள்கள், சற்று நேரத்தில் மும்பையின் மூலை முடுக்கெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். வியாபாரியின் ஒரு கை இட்லியை எடுக்கும், மறு கை சட்னியை ஊற்றும். போனை எடுத்துப் பார்க்க மூன்றாவது கை இல்லை. வாங்கியவர் தன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். பச்சை வட்டம், நடுவில் ஒரு டிக். “போட்டாச்சு அண்ணா!” அண்ணன் தலையாட்டுகிறார். ரசீது முடிந்தது.

மாட்டுங்காவில் முழம் போட்டு மல்லிகை விற்கும் அக்காவிடமும் இதே கதைதான். செம்பூர் அடுக்ககங்களில் மாதம் பிறந்தால் போதும், சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் மெயின்டனன்ஸ் கட்டியதற்கான ஸ்கிரீன்ஷாட்டுகள் வந்து குவியும். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்பும் பிள்ளை, முதலில் அனுப்புவது அந்தப் படத்தைத்தான். 2016 ஏப்ரலில் மும்பையில் யுபிஐ அறிமுகமானது. அதை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் தலைமையகம், தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் வரும் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இருக்கிறது. அக்கரையில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு. இக்கரையில் ஜனங்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட ரசீதுப் புத்தகம்தான் போனின் கேலரி.

இந்த ரசீதில் ஒரு சிக்கல். திரையில் அந்த நொடியில் என்ன தெரிந்தது என்பதை மட்டுமே ஸ்கிரீன்ஷாட் சொல்லும். பணம் வந்து சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. எடுக்கும்போது வரும் தொல்லைகளும், எடுத்த பிறகு வரும் வில்லங்கங்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

“படமே விழலை”

தாராவி 90 அடிச் சாலை மாதிரியான இடங்களில் ஜெராக்ஸ் கடைக்காரர்தான் பேட்டைக்கே கம்ப்யூட்டர் டாக்டர். “ஸ்கிரீன்ஷாட் விழலைண்ணே” என்று போனை நீட்டினால் அவர் கேட்கும் முதல் கேள்வி: “ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்கினியா?” ஆண்ட்ராய்டில் 2011-இல் வந்த 4.0 பதிப்பு முதல் பவர் பட்டனும் சத்தத்தைக் குறைக்கும் பட்டனும்தான் ஜோடி. பவர் முந்தினால் திரை அணைந்துவிடும், மற்றது முந்தினால் சத்தம் குறையும். இரண்டும் ஒரே சமயத்தில் அழுந்த வேண்டும். முகப்புப் பட்டன் இல்லாத ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனும் சத்தத்தைக் கூட்டும் பட்டனும்.

பட்டன் தேய்ந்துபோன பழைய போன் என்றால் அதற்கும் வழி உண்டு. ஷாவ்மி போன்களில் மூன்று விரலால் திரையை மேலிருந்து கீழே இழுத்தால் படம் விழும். பல சாம்சங் போன்களில் உள்ளங்கையின் ஓரத்தைத் திரையின் குறுக்கே தேய்த்தால் போதும். இரண்டுமே செட்டிங்ஸில் முடக்கப்பட்டிருக்கலாம். ஒருமுறை பார்த்து இயக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த சந்தேகம் இடம். குடும்பக் குழுவிலிருந்து தினமும் வரும் குட்மார்னிங் பூக்களும் வீடியோக்களும் போனை நிரப்பியிருந்தால், ஸ்கிரீன்ஷாட்டைச் சேமிக்க முடியவில்லை என்று போன் சொல்லிவிடும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சேமிப்பிடத்தைத் திறந்து பெரிய வீடியோக்களை அழித்தாலே மூச்சு வாங்க இடம் கிடைக்கும். சில சமயம் படம் விழுந்திருக்கும், கண்ணில்தான் படாது. கேலரியில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று தனி ஆல்பம் இருக்கிறது. அங்கே தேட வேண்டும்.

லெதர் கடையிலும் கார்மென்ட் கடையிலும் கணக்கு எழுதும் தம்பிகளின் பாடு வேறு. ஜிஎஸ்டி தளத்தில் பணம் கட்டிவிட்டு பிரின்ட் ஸ்கிரீன் பட்டனைத் தட்டுவார்கள். ஒன்றும் நடக்காதது போல இருக்கும். படம் எடுக்கப்பட்டிருக்கும், ஆனால் எந்த ஃபோல்டரிலும் விழாமல் கிளிப்போர்டில் காத்திருக்கும். பெயின்டிலோ வேர்டிலோ கண்ட்ரோல், வி தட்டி ஒட்டினால் வெளியே வரும். நேரே கோப்பாகச் சேமிக்க விண்டோஸ் பட்டனோடு சேர்த்து பிரின்ட் ஸ்கிரீனை அழுத்த வேண்டும். பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் போய் உட்காரும். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்க விண்டோஸ், ஷிஃப்ட், எஸ். சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனையும் பிடித்தாக வேண்டும். புது விண்டோஸ் 11-இல் பிரின்ட் ஸ்கிரீனைத் தட்டினாலே ஸ்னிப்பிங் டூல் திறக்கும். ஒன்டிரைவ் இருந்தால் அதுவும் இந்தப் பட்டனுக்குப் போட்டி போடும். படம் அதன் ஃபோல்டருக்குப் போயிருக்கலாம்.

மெனுவைத் திறந்து வைத்துப் படம் எடுக்கப் போனால் மெனு மூடிக்கொள்வது இன்னொரு எரிச்சல். ஸ்னிப்பிங் டூலில் தாமதம் என்றொரு வசதி உண்டு. 3 அல்லது 5 நொடி என்று வைத்துவிட்டு, அதற்குள் மெனுவைத் திறந்துகொண்டால் வேலை முடிந்தது. மேக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை. வெளியாள் செயலியால் படம் எடுத்தால் சன்னல்கள் எதுவும் இல்லாமல் வால்பேப்பர் மட்டும் விழும். 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, திரையைப் பதிவு செய்ய ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி கொடுக்காததுதான் காரணம்.

எதுவும் சரிவராதபோது நம்மவர்கள் செய்வது, ஒரு போனின் திரையை இன்னொரு போனால் படம் பிடிப்பது. படமெங்கும் அலை அலையாய்க் கோடுகள் வரும். திரையின் புள்ளிகளும் கேமரா சென்சாரின் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் போவதால் வரும் கோலம் அது. சற்றுத் தள்ளி நின்று, போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் குறையும்.

கறுப்புத் திரை ஏன்?

ஜெராக்ஸ் கடைக்கு அதிகம் வரும் புகார் இன்னொன்று: “பேங்க் ஆப்ல எடுத்தா கறுப்பா வருது.” போனில் கோளாறு எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டில் ஒரு பாதுகாப்புக் கொடி இருக்கிறது. செயலியை எழுதுபவர் அதை ஏற்றிவிட்டால், அந்தப் பக்கத்தைப் படமெடுக்கவும் பதிவு செய்யவும் போன் மறுத்துவிடும். “இந்தச் செயலி அனுமதிக்கவில்லை” என்று செய்தி வரும், அல்லது வெறும் கறுப்பு விழும். பல வங்கிச் செயலிகள், குரோமின் இன்காக்னிட்டோ பக்கம், வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்க அனுப்பிய படம் எல்லாம் இந்த ரகம். நெட்ஃபிளிக்ஸ் படம் கறுப்பாக விழுவதற்கு அதன் காப்புரிமைப் பூட்டு காரணம். அலுவலகம் கொடுத்த போனில் நிர்வாகியே ஒட்டுமொத்தமாகத் தடுத்து வைத்திருக்கலாம்.

இந்தக் கறுப்பு நமக்கு நல்லதுதான். எனிடெஸ்க் செயலியை நிறுவச் சொல்லி, நம் திரையைத் தூரத்திலிருந்து பார்த்தே கணக்கைக் காலி செய்யும் மோசடியைப் பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. திருடன் பார்க்கும் திரையையும் அதே கொடிதான் கறுப்பாக்குகிறது. ஆகவே, எந்த ஆப்பிலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளின் பக்கமே போகக்கூடாது. வங்கிச் செயலியிலேயே பகிர், பதிவிறக்கு என்ற பொத்தான்கள் இருக்கும். அவை தரும் ரசீதோ பிடிஎஃப் ஸ்டேட்மென்ட்டோ ஸ்கிரீன்ஷாட்டைவிடப் பல மடங்கு மேல்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே ஒரு செயலியில் மட்டும் கறுப்பு என்றால் அது பூட்டு. எல்லாவற்றிலும் கறுப்பு என்றால், அலுவலகப் போனாக இல்லாதபட்சத்தில், கருவியில் கோளாறு. கம்ப்யூட்டர் பிரவுசரில் சாதாரண வீடியோகூடக் கறுப்பாக விழுந்தால், செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அணைத்துவிட்டு பிரவுசரை மறுபடி திறந்து பார்க்கலாம்.

டிக்கை நம்பலாமா?

ஜிபே, போன்பே திரையை அச்சு அசலாகக் காட்டும் போலிச் செயலிகள் புழங்குகின்றன. பெயரையும் தொகையையும் தட்டினால் பச்சை டிக் விழும், பணம் மட்டும் நகராது. 2019-இல் பேடிஎம் கொண்டுவந்த சவுண்ட்பாக்ஸ் கடைக்குக் கடை பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடைக்காரர் வாங்குபவரின் திரையைப் பார்க்கத் தேவையில்லை, தன் கணக்கில் பணம் ஏறிய செய்தியைக் காதால் கேட்டுவிடலாம். பெட்டி வைக்க வசதியில்லாத சைக்கிள் வியாபாரிக்கு, தன் போனில் வரும் அறிவிப்புச் சத்தத்தைக் கூட்டி வைப்பதே காவல்.

ஸ்கிரீன்ஷாட்தான் வேண்டும் என்றால், அதில் டிக்கைவிட முக்கியமானது 12 இலக்க யுபிஐ குறிப்பு எண். பல செயலிகளில் முதல் திரையில் அது தெரியாது, பரிவர்த்தனையின் விவரத்தைத் திறக்க வேண்டும். செம்பூர் சொசைட்டிப் பொருளாளரின் தலைவலிக்கும் இதுதான் மருந்து. படத்தோடு, “பி விங் 304, மே மாதம்” என்று எழுதி, அந்த எண்ணையும் எழுத்தாகவே தட்டி அனுப்பினால், அவர் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுத் தேட முடியும். நூறு படங்களைத் திறந்து கண்ணை உருட்ட வேண்டாம். எழுத்து மங்கக் கூடாத ரசீதை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்ப வேண்டும். போட்டோவாகப் போனால் வாட்ஸ்அப் அதை நசுக்கிவிடும்.

பணம் கழிந்துவிட்டது, எதிராளிக்குப் போகவில்லை, திரையில் பென்டிங் என்று நிற்கிறது. அப்போதும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது, நேரம் பதிவாகும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பிய யுபிஐ பணம் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது 5 நாளுக்குள்ளும் திரும்ப வேண்டும். தாமதித்தால் வங்கி நாளொன்றுக்கு ₹100 நஷ்டஈடு தர வேண்டும். மோசடி என்று தெரிந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

மறைத்ததும் மறையாததும்

ஆதார் எண்ணை மறைக்க, எடிட்டரில் கறுப்பு ஹைலைட்டரால் ஒரு கோடு இழுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஹைலைட்டர் பாதி ஊடுருவும் மை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எண் எட்டிப் பார்க்கும். அடர்த்தியான பேனாவோ கட்டமோ வைத்து மூட வேண்டும். முதல் 8 இலக்கங்களை மறைத்த ஆதாரை யுஐடிஏஐ தளமே தருகிறது, அதைப் பதிவிறக்கி அனுப்புவது இன்னும் நல்லது.

வெட்டிவிட்டால் போச்சு என்றும் இருக்க முடியாது. 2023-இல், கூகுள் பிக்சல் போன்களின் எடிட்டரில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து வெட்டுப்பட்ட பகுதியை மீட்க முடியும் என்று சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கனன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதும்போது, மிச்சமிருந்த பழைய தரவை அழிக்காமல் விட்டதுதான் பிழை. விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலிலும் அதே ஓட்டை இருந்தது தெரியவந்தது. இரண்டுமே சரிசெய்யப்பட்டுவிட்டன. ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதான்.

கடவுச்சொல்லை ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமிக்கும் பழக்கத்துக்கும் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். கேலரியைத் துழாவி, படத்தில் உள்ள எழுத்துகளைப் படித்து, கிரிப்டோ பணப்பைகளின் மீட்புச் சொற்களைத் திருடும் ஸ்பார்க்கேட் என்ற நச்சு நிரலை 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி அம்பலப்படுத்தியது. கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்த செயலிகளுக்குள்ளேயே அது ஒளிந்திருந்தது. டார்ச் லைட் ஆப் கேலரியைப் பார்க்க அனுமதி கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

செல்லாத இடங்கள்

சயானிலிருந்து சிஎஸ்எம்டி போகும் லோக்கலில், ஆப்பில் எடுத்த டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டை டிக்கெட் பரிசோதகர் ஏற்கமாட்டார். எந்தப் போனில் எடுத்தோமோ அந்தப் போனில், அந்த ஆப்புக்குள்ளேயே டிக்கெட்டைத் திறந்து காட்ட வேண்டும். மகன் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அப்பா அபராதம்தான் கட்டுவார். தாதரிலிருந்து திருநெல்வேலி போகும் ரயிலில் கதை வேறு. முன்பதிவு டிக்கெட் ரயில்வேயின் பட்டியலில் பெயரோடு இருப்பதால், பிஎன்ஆர் விவரத்தோடு அசல் அடையாள அட்டையைக் காட்டினால் பயணம் நடக்கும்.

நீதிமன்றம் இன்னும் கறார். 2014-இல் ஜால்னா தொகுதியில் நடந்த சட்டமன்றத் தேர்தல் தொடர்பான அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில், மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக வைக்க உரிய சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூலக் கருவியையே கொண்டுவந்து, அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறிச் சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவும் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். மிரட்டல் செய்தியோ வாடகைத் தகராறோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்த கையோடு அசல் உரையாடலை அழித்துவிட்டால் வழக்கின் ஆணிவேர் போய்விடும். போனை மாற்றினாலும் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும்.

காகிதத்தின் அருமையைத் தாராவிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதை நிரூபிக்க, பழைய கரண்ட் பில்லையும் வாக்காளர் பட்டியலையும் டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தவர்கள் அவர்கள். அன்றைய பில் காகிதமாய் வந்தது, பெட்டியில் தங்கியது. இன்றைய பில் ஆப்பில் வருகிறது, ஸ்கிரீன்ஷாட்டாகிறது, போன் தொலைந்தால் கூடவே தொலைகிறது. ஒரு வாரத்தில் தீரும் காரியத்துக்கு ஸ்கிரீன்ஷாட் தாராளமாகப் போதும். கரண்ட் பில், வாடகை, பள்ளிக் கட்டணம், வரி என்று வருஷக்கணக்கில் பேசவேண்டியவற்றைப் பிடிஎஃப்பாக இறக்கி, மெயிலில் ஒரு பிரதியும் பென்டிரைவில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரிண்டும் போட்டுக்கொள்ளுங்கள், சில ரூபாய்தான் ஆகும்.