நிமோனியா: உரிய ஆன்டிபயாடிக் மருந்து எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது?

நுரையீரலின் காற்றுப் பைகளில் கிருமித் தொற்று ஏற்பட்டு, நீரும் சீழும் நிரம்புவதே நிமோனியா. மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது அல்லாமல், அன்றாட வாழ்வில் தொற்றுவது சமூகத்தில் தொற்றும் நிமோனியா எனப்படுகிறது. காய்ச்சல், சளியுடன் கூடிய இருமல், மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி ஆகியவை முக்கிய அறிகுறிகள். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே மனக்குழப்பமும் சோர்வும் மட்டும் தோன்றக்கூடும். இக்கட்டுரை பெரியவர்களுக்கு உரியது. குழந்தைகளுக்கான சிகிச்சை வேறுபடும்.

மருந்து எப்போது தொடங்கப்படுகிறது?

நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் முதன்மையானது நியூமோகாக்கஸ். மைக்கோபிளாஸ்மா, லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியாக்களும், இன்ஃபுளூயன்சா, கொரோனா போன்ற வைரஸ்களும் காரணமாகலாம். சளி, இரத்தம் ஆகியவற்றில் கிருமியை வளர்த்துக் கண்டறிய இரண்டு மூன்று நாள்கள் ஆகும். அதுவரை காத்திருப்பது ஆபத்து என்பதால், நோயாளியின் நிலையைக் கொண்டு மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குகிறார். முடிவுகள் வந்தபின் தேவையானால் மருந்தை மாற்றுகிறார்.

மருத்துவர் கவனிப்பவை

• நோயின் தீவிரம்: மனக்குழப்பம், இரத்தத்தில் யூரியா உயர்வு, நிமிடத்திற்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, குறைந்த இரத்த அழுத்தம், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது. இவற்றுள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும்.
• நீரிழிவு, இதயம், சிறுநீரகம், கல்லீரல் அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய்.
• கடந்த மூன்று மாதங்களில் உட்கொண்ட ஆன்டிபயாடிக் மருந்துகள், மருத்துவமனையில் தங்கியது.
• மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், தற்போது உட்கொள்ளும் பிற மருந்துகள்.

முதலாவது தவிர மற்றவை நீங்கள் கூறினால்தான் மருத்துவருக்குத் தெரியும். பழைய மருந்துச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.

எந்த மருந்து யாருக்கு?

வேறு நோய்கள் இல்லாத, இலேசான பாதிப்பு உள்ளவருக்கு அமாக்ஸிசிலின் மாத்திரையே பெரும்பாலும் போதுமானது. பிற நோய்கள் உள்ளவருக்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனிக் அமிலத்துடன் அசித்ரோமைசின் அல்லது டாக்ஸிசைக்ளின் தரப்படலாம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசியுடன் அசித்ரோமைசின் தரப்படுவது வழக்கம். உடல்நிலை தேறியதும் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றுவர். இது சிகிச்சையைக் குறைப்பது அன்று. தேறி வருவதன் அடையாளம்.

"இன்னும் வீரியமான மருந்து தாருங்கள்" என்று சிலர் கேட்பதுண்டு. பொருத்தமான மருந்தே சிறந்த மருந்து. தேவையின்றி உயர்நிலை மருந்துகளைப் பயன்படுத்தினால் பக்கவிளைவுகள் கூடும். கிருமிகள் எதிர்ப்புத் திறன் பெற்று, உண்மையில் தேவைப்படும் நாளில் அம்மருந்து பயனற்றுப் போகலாம்.

லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளில் மற்றோர் ஆபத்தும் உண்டு. இவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவதால், நோயாளி தேறியதுபோல் தோன்றி, காசநோயைக் கண்டறிவது தாமதமாகும். எனவே, மருந்துக் கடையில் தாமாக வாங்குவதையும், வீட்டில் மீந்த மாத்திரைகளையோ பிறருக்கு எழுதித் தந்தவற்றையோ உட்கொள்வதையும் தவிர்க்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எத்தனை நாள்?

சரியான மருந்து தொடங்கிய 48 முதல் 72 மணி நேரத்திற்குள் காய்ச்சல் பொதுவாகக் குறையத் தொடங்கும். இலேசான பாதிப்பிற்குப் பெரும்பாலும் 5 நாள் மருந்து போதும். சிலருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். காய்ச்சல் நின்றதும் தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம். இருமலும் களைப்பும் சில வாரங்கள் நீடிக்கலாம். அதற்காக மட்டும் மீண்டும் ஆன்டிபயாடிக் தேவையில்லை.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

• மூச்சுத் திணறல் அதிகரித்தல், உதடு நீலமாதல்
• ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டிற்குக் கீழ் குறைதல்
• மனக்குழப்பம், மிகுந்த மயக்கம்
• சிறுநீர் வெகுவாகக் குறைதல்
• மருந்து தொடங்கி மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் குறையாமை

மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். மற்ற ஐயங்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகுங்கள்.