நாற்பது நிமிடக் கூத்து

பல மாநிலங்களின் மரபு நாடகக் குழுக்களைத் திரட்டி, நகரம் நகரமாக அழைத்துச் சென்று நடத்தும் விழா ஒன்றை அண்மையில் சென்னையில் கண்டேன். ஒரே மாலையில் நான்கு கலைகள். ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். யக்ஷகானமும் பவாயும் முடிந்து, இறுதியாக நம் தெருக்கூத்து. எடுத்துக்கொண்ட கதை ‘கர்ண மோட்சம்’. போருக்குப் புறப்படும் கர்ணனும் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் செய்துகொண்டிருந்தபோதே, மேடையோரம் நின்ற ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அடுத்த ஐந்து நிமிடங்களில் கர்ணன் களம் புகுந்து, அம்பு தைத்து, புண்ணியத்தைக் கண்ணனுக்குத் தாரைவார்த்து, மோட்சமும் அடைந்துவிட்டான். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அந்தக் கைதட்டல் வீடு திரும்பிய பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், கூத்து ஊரில் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

வட தமிழக மாவட்டங்களில் கர்ண மோட்சம் வெறும் கதையன்று. இறந்தவரின் கருமகாரியத்தையொட்டி அதை ஆடவைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் களரி கூடும். கட்டியங்காரன் வந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பான். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடியபடி ஒவ்வொரு வேடமும் சிறிது சிறிதாகத் தன்னை வெளிக்காட்டும். பொன்னுருவியின் தர்க்கம் மட்டுமே நெடுநேரம் நீளும். கர்ணன் சாயும் வேளையில் கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். தந்தையை இழந்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்து அந்தச் சாவைப் பார்ப்பார்கள். அங்கே யாரும் கைதட்டுவதில்லை.

திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவும் அப்படித்தான். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பல நாள்கள் நடக்கும். அருச்சுனன் தபசு மரத்தின் உச்சியில் நின்று எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். படுகளத்தன்று துரியோதனன் மண்ணாலான பேருருவாகத் தரையில் கிடப்பான். பிறகு தீமிதி. இவற்றில் எது நாடகம், எது வழிபாடு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. பிரிக்க முடிகிற பகுதியை மட்டுமே விழா எடுத்துச் செல்கிறது.

ஊர் ஊராகச் செல்வது இக்கலைகளுக்குப் புதிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கடலோரக் கர்நாடகத்தில் கோயில்களைச் சார்ந்த யக்ஷகான மேளங்கள் நவம்பர் தொடங்கி மே வரை, வேண்டுதல் செய்துகொண்டவர் அழைக்கும் இடமெல்லாம் சென்று ஆடுகின்றன. மகாராஷ்டிரத்தின் நாராயண்காவில் கிராமத் திருவிழாக் குழுவினர் வந்து தமாஷாக் குழுக்களை ஒப்பந்தம் செய்துகொண்டு போகிறார்கள். வேறுபாடு, அழைப்பவர் யார் என்பதில் இருக்கிறது. அங்கே அழைப்பவருக்கு அந்தக் கதையால் ஆகவேண்டிய காரியம் ஒன்று உண்டு. விழாவில் நமக்கு ஆகவேண்டியது ஒரு நல்ல மாலைப்பொழுது. அது குற்றமில்லைதான்.

நேரக் குறைப்பையும் விழாக்கள்மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. யக்ஷகானத்திலேயே பல மேளங்கள் நள்ளிரவையொட்டி முடிக்கும் ‘காலமிதி’ ஆட்டத்துக்கு மாறிவிட்டன. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ஊராரின் வசதி அது. நகர மேடைகளால் விளைந்த நன்மையும் மறுக்க முடியாதது. 1977-இல் ‘கூத்துப்பட்டறை’யைத் தொடங்கிய ந.முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைக் கண்டு வியந்து பேசியிராவிட்டால், நகரத்துப் படிப்பாளிகள் தெருக்கூத்தைப் பொருட்படுத்த இன்னும் காலம் எடுத்திருப்பார்கள். சத்தீஸ்கர் கிராமியக் கலைஞர்களைக் கொண்டு ஹபீப் தன்வீர் உருவாக்கிய ‘சரண்தாஸ் சோர்’ 1982-இல் எடின்பரோவில் விருது பெற்றது. கலைஞனுக்குக் கிடைக்கும் மதிப்பு சிறிய விஷயமா என்ன?

எனவே, விழாவே வேண்டாம் என்பதல்ல என் வாதம். முழுக் கதையையும் நாற்பது நிமிடத்துக்குள் சுருக்குவதைத்தான் எதிர்க்கிறேன். சுருக்குகிறவர் முதலில் வெட்டுவது தர்க்கத்தையும் கட்டியங்காரனின் பேச்சையும். மிஞ்சுவது கிரீடமும் புஜக்கட்டையும் கிறுக்கியும்தான். மொழி தெரியாத பார்வையாளருக்கு அது போதும் என்று நினைக்கிறார்கள் போலும். ஆனால், கேரளத்தின் கூடியாட்டம் ஒரு நாடகத்தின் ஓர் அங்கத்தை மட்டுமே பல இரவுகளுக்கு விரித்து நடிக்கிறது. அதனால் யாரும் கதை விளங்கவில்லை என்று சொன்னதில்லை. நாற்பது நிமிடம்தான் உண்டு என்றால், ஒரு வேடத்தின் திரைப் பிரவேசத்தை மட்டும் குறைவின்றி ஆடட்டுமே. அல்லது பொன்னுருவியின் தர்க்கத்தை மட்டும். எதை ஆடுவது என்பதை வாத்தியார் முடிவு செய்யட்டும்.

விழா முடிந்ததும் ஒப்பனை அறைக்குச் சென்றேன். கர்ணன் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேடம் கட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று என்றார். செலவைக் குறைக்கக் குழுவில் பாதிப் பேரைத்தான் அழைத்தார்களாம். பின்பாட்டுக்கு ஆள் போதவில்லை என்பதுதான் அவருடைய பெரிய வருத்தம். நேரத்தைப் பற்றி அவர் குறைகூறவில்லை.

விழா நடத்துவோர் நான்கு கலைகளுக்குப் பதிலாக ஒவ்வோர் ஊரிலும் ஒரே ஒரு கலையை விடியும்வரை ஆடவைத்துப் பார்க்கலாம். குழு முழுவதையும் அழைக்கலாம். அரங்குகளை இரவு பத்து மணிக்குள் மூடியாக வேண்டும், ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைக்காது என்பார்கள். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே களரியின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சக்குரலில் பாடிய மரபு இது. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண்விழிக்கும் ஊரில் ஒரு பள்ளி மைதானமும் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையும் கிடைத்தால் போதும்.