அம்பாறை மாத்திரையும் ஆண்மை ஊசியும்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம்கள் நடத்திய ஒரு சாப்பாட்டுக்கடையில், சாப்பிட வந்த சிங்களவர்களுக்குக் கறிக்குள் வெள்ளையாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆண்களை மலடாக்கும் மாத்திரை அது என்றார்கள். கூட்டம் சேர்ந்தது; அடி விழுந்தது. கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் அவ்வளவாக விளங்காது. மிரட்டிக் கேட்டபோது அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் காணொளியாகி நாடெங்கும் போனது. கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அம்பாறையில் ஒரு முஸ்லிம் மருந்துக்கடைக்காரரிடம் 23,000 மலட்டு மாத்திரைகள் பிடிபட்டதாகவும் பேஸ்புக்கில் ஒரு பொய் உலவியது. சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகனயில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பிறகு அந்தக் கட்டியை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தார். அது மாவு. மருந்து எதுவும் அதில் இல்லை.

அம்பாறை நகரிலிருந்து சம்மாந்துறை வழியாகக் கிழக்கே வந்தால் கடலோரமாக எங்கள் ஊர்கள்: மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. அந்தப் பொய் எங்களை நேரே தாக்கியது. “அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை” என்று அன்று எல்லோரும் சொன்னோம். சரியாகவே சொன்னோம். அந்தச் சந்தேகத்தை நமக்குப் பிடித்த மாதிரிச் சொல்லப்படும் பொய்யின் மீதும் வைக்கவேண்டும். கைத்தொலைபேசியைத் திறந்தால் ஆண்மையைப் பெருக்கும், அளவைக் கூட்டும், இளமையைத் திருப்பித் தரும் ஊசிகளின் விளம்பரங்கள் வருகின்றன. “புதிய ஆராய்ச்சி”, “வெளிநாட்டுச் சிகிச்சை” என்ற சொற்கள் கூடவே வருகின்றன.

இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: ஒரு துளி மருந்தால் ஆண்மையைக் கூட்டிவிடலாம், ஒரு துளியால் குறைத்தும் விடலாம் என்பது. உடலின் கணக்கு வேறு மாதிரி. அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு போனால் வியப்பான ஓர் உண்மை எதிரே வரும். ஆணின் விந்தணு உற்பத்தியை நிறுத்தும் என்று முறையான ஆய்வில் நிரூபிக்கப்பட்ட மருந்து ஒன்று மெய்யாகவே இருக்கிறது. அது கறிக்குள் ஒளிக்கக்கூடிய மாத்திரையாக இல்லை. ஆண்மையைக் கூட்டும் என்று இளைஞர்கள் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும் ஊசிக்குள் இருக்கிறது.

ஒரு வேளைச் சோறு ஏன் போதாது

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். அதன்பின் விதையின் பின்பக்கம் சுருண்டு கிடக்கும், விரித்தால் சுமார் ஆறு மீட்டர் நீளம் வரும் ஒரு மெல்லிய குழாய்க்குள் சில நாட்கள் முதல் இரண்டு கிழமை வரை நகர்ந்து, நீந்தும் திறனைப் பெறுகிறது. ஆரோக்கியமான ஆணின் உடலில் ஒவ்வொரு செக்கனும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விந்தணுக்கள் முடிந்து வெளிவருகின்றன. வெவ்வேறு பருவத்தில் கோடிக்கணக்கானவை எப்போதும் வரிசையில் நிற்கின்றன. இன்று பகல் சாப்பிட்ட ஒரு பொருள் இந்த வரிசையை இன்றிரவே துடைத்துவிட முடியாது.

உணவிலிருந்து ஆண்களுக்கு மலட்டுத்தன்மை வந்த கதை வரலாற்றில் ஒன்று உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். சீனாவின் சில கிராமங்களில், சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்தவர்களுக்குப் பிள்ளை பிறப்பது குறைந்தது. காரணம் கொசிப்போல் என்ற பொருள். 1970களில் சீன அறிவியலாளர்கள் அதைக் கருத்தடை மாத்திரையாக்க முயன்று, ஆயிரக்கணக்கான ஆண்களிடம் சோதித்தார்கள். நாள்தோறும், மாதக்கணக்கில் விழுங்கினால்தான் விளைவு தெரிந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து சிலர் துவண்டு விழுந்தார்கள்; ஒரு பகுதியினருக்கு விந்தணு திரும்பவே இல்லை. அந்த முயற்சி கைவிடப்பட்டது. பல பதிற்றாண்டு உழைப்புக்குப் பிறகும் ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை எந்த நாட்டு மருந்துக்கடையிலும் விற்பனைக்கு வரவில்லை. உலகின் பெரிய ஆய்வுகூடங்களுக்குக் கைகூடாத ஒன்றை அம்பாறைச் சாப்பாட்டுக்கடையில் செய்துவிட்டார்கள் என்று நம்பித்தான் கடையை நொறுக்கினார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள்.

மூளை மடையைப் பூட்டும் விதம்

இனி ஊசியின் பக்கம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் விதைகளில் சுரக்கிறது. எவ்வளவு சுரக்கவேண்டும் என்பதை மூளை தீர்மானிக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு ஒரு செய்தி அனுப்பும். அதைக் கேட்டுப் பிட்யூட்டரிச் சுரப்பி இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடும். ஒன்று விதைக்குள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது. மற்றது விந்தணுவை வளர்க்கும் செல்களை இயக்குகிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவு ஏறியதும் மூளை தன் செய்தியைக் குறைத்துக்கொள்ளும். வயல் வட்டையில் தண்ணீர் நிறைந்து நின்றால், நீர் பங்கிடும் வட்டவிதானை மடையைப் பூட்டிவிடுவதைப் போன்றது இது.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை ஏற்றினால் என்ன ஆகும்? இரத்தத்தில் அளவு உயரும். அது விதையிலிருந்து வந்ததா, ஊசியிலிருந்து வந்ததா என்று மூளைக்குத் தெரியாது. போதும் என்று எடுத்துக்கொண்டு செய்தியை நிறுத்திவிடும். விதைகள் வேலையின்றிச் சுருங்கும். விந்தணு வளர, விதைக்குள் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைப்போல் பல பத்து மடங்கு செறிவாக இருக்கவேண்டும். ஊசி மருந்தால் அந்தச் செறிவை எட்ட முடியாது. ஆகவே தசை பெருக்கும், குரல் தடித்திருக்கும், கண்ணாடியில் பார்க்க ஆண்மை பொங்குவதாகத் தோன்றும். உள்ளே விந்தணு வற்றிக்கொண்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் இதைக் கருத்தடை முறையாகவே சோதித்தது. ஏழு நாடுகளில் 271 ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஏற்றப்பட்டது. ஆறு மாதத்துக்குள் 157 பேரின் விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாமல் போயிற்று. அந்த நிலையை எட்டச் சராசரியாக நான்கு மாதம் ஆனது. அவர்கள் வேறு கருத்தடை எதுவுமின்றி ஓராண்டு வாழ்ந்ததில், ஒரேயொரு கர்ப்பம்தான் உண்டானது. முடிவுகள் 1990இல் வெளிவந்தன.

இத்தகைய ஆய்வுகளில் ஊசியை நிறுத்தியபின் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 67 பேருக்கும், ஓராண்டில் 90 பேருக்கும் விந்தணு எண்ணிக்கை மீண்டது. எல்லோருக்கும் மீள இரண்டு ஆண்டு வரை ஆனது. வைத்தியர் கண்காணிப்பில், அளவோடு மருந்து பெற்ற ஆரோக்கியமானவர்களின் கணக்கு இது. ஜிம்மில் யாரோ தரும் குப்பியை, பல மடங்கு அளவில், இரண்டு மூன்று மருந்தோடு கலந்து ஏற்றிக்கொள்பவருக்கு இந்தக் கணக்கு உறுதி தராது. கலியாணத்துக்குமுன் உடம்பைத் தேற்றப் புறப்பட்ட இளைஞர், கலியாணத்துக்குப்பின் பிள்ளையில்லை என்று வைத்தியரிடம் வந்து நிற்க நேரிடலாம்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி தேவைப்படுகிறவர்கள் உண்டு. விதையோ பிட்யூட்டரியோ பழுதுபட்டு, காலை வேளையில் ஒருமுறைக்கு இருமுறை எடுத்த இரத்தப் பரிசோதனையிலும் அளவு குறைவாக இருந்தால், அது அவர்களுக்கு மருந்து. குறைவே இல்லாதவருக்கு அது மருந்தாகாது.

நம்பிக்கை செய்யும் வேலை

“ஆனால் போட்டவர்கள் பலன் கண்டதாகச் சொல்கிறார்களே?” நியாயமான கேள்வி. இதற்கான விடை 1889இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜூன் 1ஆம் திகதி, 72 வயதான சார்ள்ஸ் பிரவுன்-சேக்கார் என்ற பெரும் உடலியல் அறிஞர் பரிஸ் நகரில் சக அறிஞர்கள் முன் எழுந்தார். நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதைகளை நசுக்கி எடுத்த சாற்றைத் தனக்கே ஊசியாக ஏற்றிக்கொண்டதாகவும், வலிமை திரும்பியதாகவும், படிகளில் ஓடி ஏற முடிவதாகவும் சொன்னார். அந்தச் சாறு உலகெங்கும் பரவியது. ஆனால் விதைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சேமித்து வைப்பதில்லை, அது தண்ணீரில் எளிதில் கரைவதுமில்லை. 2002இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவருடைய செய்முறைப்படியே சாற்றைத் தயாரித்து அளந்து பார்த்தபோது, உடலில் எந்த விளைவும் உண்டாக்க முடியாத அளவு சொற்பமே அதில் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. தனக்குப் பலன் கிடைத்ததாக உண்மையாகவே உணர்ந்தார். உணரவைத்தது எதிர்பார்ப்பு.

இன்று அந்த இடத்தில் இருப்பது நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து, ஆண்குறிக்குள் ஏற்றும் சிகிச்சை. சொந்த இரத்தம் என்பதால் அதை நம்பவைப்பது எளிது. அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விறைப்புக் குறைபாடு உள்ள சுமார் 60 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அந்தத் தட்டணு ஊசியும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் போட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. 2023இல் வெளியான முடிவு: ஒரு மாதத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள், தட்டணு ஊசிக்காரரில் நூற்றுக்கு 58, வெற்று ஊசிக்காரரில் 54. இந்தச் சிறிய இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது. இப்போது இன்னொரு தடவை அந்த 54ஐப் பாருங்கள். ஒன்றுமில்லாத ஊசி பாதிப் பேருக்கு மேல் தேறிவிட்டதாக உணரவைத்திருக்கிறது. “என் மச்சானுக்குச் சுகமானது” என்ற சாட்சியம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

அளவைக் கூட்டுவதாகச் சொல்லும் ஊசிகள் இதைவிட ஆபத்தானவை. 1899இல் வியன்னாவின் றொபேர்ட் கெர்சுனி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விதைகளை இழந்த ஒருவருக்கு உருவம் தெரியட்டும் என்று கனிம எண்ணெய்ப் பசையை உட்செலுத்தினார். அதுவே பரபரப்பாகி, பிறகு பேரிடராக முடிந்தது. உடலால் இந்த எண்ணெயைச் செரிக்க முடியாது. அதைச் சுற்றிக் கட்டிகளும் தழும்பும் வளரும், தோல் புண்ணாகும். ஆண்டுகள் கழித்து, கெட்டுப்போன தோலை வெட்டியெடுத்து வேறிடத்துத் தோலை வைத்துத் தைக்கவேண்டி வரும். பரபின், சிலிக்கன், இனந்தெரியாத எண்ணெய் என்று பெயர் மாறினாலும் கதை அதுவே. இத்தனைக்கும் காரணமான, அளவு குறைவோ என்ற பயத்தில் பெரும்பகுதி ஆதாரமற்றது. 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் விறைப்பு நிலையின் சராசரி நீளம் 13.12 சென்ரிமீற்றர். தான் குறைந்தவன் என்று நம்புகிறவர்களில் பலர் இந்தச் சராசரியை ஒட்டியே இருக்கிறார்கள்.

எல்லா ஊசியும் பொய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 1983இல் பிரிட்டிஷ் உடலியலாளர் ஜைல்ஸ் பிரிண்ட்லி, லாஸ் வேகாஸ் நகரில் சிறுநீரியல் வைத்தியர்களின் கூட்டத்தில், இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் மருந்தை ஆண்குறிக்குள் ஏற்றினால் விறைப்பு வரும் என்பதைத் தன் உடலிலேயே காட்டினார். அந்த வழியில் வந்த அல்ப்றொஸ்டடில் ஊசி 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது எப்படி வேலை செய்கிறது, எத்தனை பேருக்குப் பலிக்கிறது, நான்கு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால் உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. மருந்தை நம்பலாம் என்பதற்கு அடையாளம், அதன் தீமையும் சேர்த்து எழுதப்பட்டிருப்பது.

எங்கள் கரையில் கேட்கவேண்டியவை

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்வீட்டில் போய் இருப்பதே வழக்கம். சில மாதம் போனால் “விசேசம் ஒன்றும் இல்லையா?” என்ற கேள்வி மாமி வீட்டிலும் அயலிலும் எழும். ஆண் வாய் திறக்கமாட்டான். இரகசியமாகத் தீர்வு தருவதாகச் சொல்பவனைத் தேடுவான். அந்த வெட்கத்தில்தான் போலி வைத்தியனின் பிழைப்பு ஓடுகிறது.

விறைப்புக் குறைவு பல வேளைகளில் வேறொரு நோயின் முதல் அறிகுறி. ஆண்குறியின் இரத்தக்குழாய் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியது; ஆகவே கொழுப்பும் நீரிழிவும் குழாய்களைக் கெடுக்கும்போது முதலில் அங்கேதான் தெரியும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடல் தரும் எச்சரிக்கை இது. இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இரகசிய ஊசிக்குப் போகிறவர் பணத்தோடு சேர்த்து அந்த எச்சரிக்கையையும் தொலைக்கிறார்.

ஊசி போடச் சொல்பவரிடம் சிலவற்றைக் கேட்கவேண்டும். குப்பியில் இருக்கும் மருந்தின் பெயர் என்ன? 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் அது பதிவானதா? போடுபவர் பதிவுபெற்ற வைத்தியரா? வெற்று ஊசியோடு ஒப்பிட்டுச் சோதித்தார்களா? “பரிசோதனைச் சிகிச்சை” என்றால் எந்த ஒழுக்கநெறிக் குழு அதற்கு அனுமதி தந்தது? முறையான மருத்துவ ஆய்வில் சேர்பவரிடம் சோதனை மருந்துக்கு விலை கேட்பது வழக்கமல்ல. பரிசோதனை என்று சொல்லிக்கொண்டே பெருந்தொகை கேட்டால் எழுந்து வந்துவிடலாம். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து போலி ஆவணங்களோடு அரச வைத்தியசாலைகளுக்குள்ளேயே வந்த விவகாரத்தில், முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். சட்டமும் பதிவேடும் உள்ள இடத்திலேயே அப்படியென்றால், பெயர் ஒட்டாத குப்பியை என்ன துணிவில் உடம்புக்குள் விடுவது?

கல்முனையிலேயே இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. விறைப்பில் குறை என்றால் முதலில் வேண்டியது சீனி, கொழுப்பு, இரத்த அழுத்தப் பரிசோதனை. பிள்ளை தாமதமென்றால் முதலில் வேண்டியது விந்துப் பரிசோதனை. அது எளியது, வலியில்லாதது. பிள்ளைப்பேறு தாமதிக்கும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரில் காரணத்தின் ஒரு பங்காவது ஆணிடம் இருக்கிறது. ஆனாலும் மனைவியைத்தான் முதலில் ஊர் ஊராகக் கூட்டித் திரிகிறோம். அதற்கு முன்பே கணவன் விந்து மாதிரியைக் கொடுத்துவிடட்டும். அதனால் அவன் ஆண்மைக்கு ஒரு குறையும் வராது. அவள் வீணாகப் படும் துன்பம் குறையும்.